சத்தம் போடாத வண்டி

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர் சுங்கைப் பட்டாணிக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். தொலைக்காட்சி நாடகங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறவர்கள். நான் எப்போதோ செய்து கொடுத்த வண்டி ஒன்று அவர்களுடைய கிடங்கில் கிடந்ததாம். துடைத்து, எண்ணெய் போட்டுத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள்.

"வெளிநாட்டுலேருந்து புதுசு ஒண்ணு வாங்கினோம் ஐயா, அது கீச்சு கீச்சுன்னு கத்துது. ஒங்க வண்டி சத்தமே போடல லா," என்றார் ஒருவர். "மொத வண்டிய எங்க செஞ்சீங்க, எப்பிடிக் கத்துக்கிட்டீங்க, அத ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க. எங்களுக்கு ஒதவும்."

வேலையில் இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லி வந்தேன். சிங்கப்பூரில், சினிமா ஸ்டூடியோவில் கற்றுக்கொண்டேன் என்பேன். அது பொய். சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்ட பொய். முதல் வண்டியைப் பாடாங் செராய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தில் செய்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரிடமிருந்து மறைத்தேனோ அவர் இன்றைக்கு உயிரோடு இல்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. படம் எடுக்கும் இடத்தில் ஒலிப்பதிவாளருக்கு ஒரு வண்டி வேண்டும். மைக்குகளிலிருந்து வரும் குரல்களைக் கூட்டிக் குறைத்துச் சேர்க்கிற பெட்டி, பேட்டரிகள், கம்பிச் சுருள்கள், காதில் மாட்டும் கருவி எல்லாம் அதில் ஏறும். நடிப்பவர் பேசிக்கொண்டே நடந்தால் வண்டியும் கூடவே போக வேண்டும். அப்போது சக்கரம் முனகினால் அந்த முனகலும் படத்தில் ஏறிவிடும். வண்டி நல்ல வண்டி என்றால் அப்படி ஒன்று அங்கே இருந்ததே யாருக்கும் தெரியக் கூடாது.

நான் தோட்டத்துத் தச்சுக் கொட்டகையில் வளர்ந்தவன். மூன்று வருஷம் உளி தீட்டினேன், இரண்டு வருஷம் சக்கரம் செய்தேன். ரப்பர்த் தகடுகளைத் தொங்கவிட்டுப் புகைக்கூடத்துக்குள் தள்ளிப் போகிற வண்டிகள்தான் எங்களுக்கு முக்கியமான வேலை. கை படிவதற்குள் வெள்ளைக்காரத் தொரை ஓடிப்போனான், ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்தான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. வேட்டி போய்ச் சாக்கு வந்தது. அம்மா அப்பா முன்பே போய்விட்டதால் அக்கா செல்லம்மா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவள் புருஷன் வேலு மாமா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுப்பவர். வாய் ஓயாமல் பேசுவார், கேலி செய்வார், கிடைத்த கிழங்கில் பெரிய துண்டை என் பக்கம் தள்ளிவிடுவார்.

அந்த நாளில் எல்லாருக்கும் ஒரே பயம்தான், சயாம் பயம். அங்கே ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. லாரிச் சத்தம் கேட்டாலே ஆண்கள் ரப்பர்க் காட்டுக்குள் ஓடிப் பதுங்குவார்கள். சமைத்த அடுப்பு அப்படியே எரிந்துகொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட தோட்டத்துக்கு ஒரு படக்குழு வந்தது. துப்பாக்கி இல்லை, அதட்டல் இல்லை. தோட்டத்து ஜனங்கள் சந்தோஷமாக வேலைக்குப் போவதைப் படம் பிடிக்கப் போகிறோம் என்றார்கள். ஆளுக்கு ஒரு சிரட்டை உப்பு கொடுத்தார்கள். உப்புக்கு நாக்கு ஏங்கிக்கிடந்த காலம். அந்த ஒரு சிரட்டையில் பாதிப் பயம் போய்விட்டது.

குழுவில் ஒலிப்பதிவாளர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி, வெளுத்துப்போன சட்டை. காதில் எந்நேரமும் கருவியை மாட்டிக்கொண்டிருந்ததால் எங்கள் ஆட்கள் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்குத் தெரிந்தது பத்துப் பதினைந்து மலாய் வார்த்தை. சத்தத்துக்கு 'புஞ்ஞி', நன்றாயிருந்தால் 'பாகுஸ்', இன்னொரு தடவை என்பதற்கு 'செகாலி லாகி'. இந்த மூன்றை வைத்தே அவர் என்னிடம் ஒரு மாதம் வேலை வாங்கினார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மேலாளை நான் பார்த்ததில்லை.

முதல் நாள் கொட்டகைக்கு வந்து, அடுக்கியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிலதை இடப்பக்கம் வைத்தார், சிலதை வலப்பக்கம் வைத்தார். வலப்பக்கம் போனதெல்லாம் நன்றாகக் காய்ந்த மெராந்தி மரம். கண்ணால் பார்த்து மரம் பொறுக்கியவன் நான். காதால் பொறுக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வண்டியை இருபத்தைந்து நாளில் முடித்தேன். ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. ஆணி தளர்ந்தால் முனகும். எல்லாம் மரமுளை. ஒவ்வொரு பொருத்திலும் எருமைத் தோலைச் செதுக்கி உள்ளே வைத்தேன். பேட்டரிகளைக் கீழ்த்தட்டில், இரண்டு அச்சுக்கும் நடுவே வைத்தேன். கனம் கீழே இருந்தால் வண்டி ஆடாது. பெட்டியை மேல்தட்டில் பொருத்தவே இல்லை. சைக்கிள் டியூபைப் பட்டைகளாகக் கிழித்து நாலு மூலையிலும் கட்டி அந்தரத்தில் தொங்கவிட்டேன்.

சக்கரம்தான் உயிரை வாங்கியது. இரும்பு வளையம் போட்டால் செம்மண் சரளையில் நறநறக்கும். டயர் எங்கும் கிடைக்காது. கடைசியில் புகைபோடாத ஈரத் தகட்டை நீள வாராக அறுத்து, மரச்சக்கரத்தின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றி, சக்கரத்தோடு புகைக்கூடத்துக்குள் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வெளியே எடுத்தபோது சுற்றெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ரப்பராக இறுகியிருந்தது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். பசி தெரியவில்லை. ஜப்பான்காரன், சயாம் எதுவும் தெரியவில்லை.

"என்ன மாப்ள, வண்டிக்குத் தாலி கட்டிருவே போலருக்கு," என்று வேலு மாமா கேலி செய்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இவனுங்கள நம்பலாமாடா? நீ கூடவே இருக்கியே, சொல்லு."

"இவங்க படம் புடிக்கிறவங்க மாமா. பட்டாளம் இல்ல," என்றேன்.

கேட்டது அவர் ஒருவர் மட்டும் இல்லை. எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் வீட்டுக்கு வீடு கேட்டார்கள். எல்லாரிடமும் இதையேதான் சொன்னேன். கோவிந்தன் கூடவே இருந்து பார்க்கிறான், அவன் சொன்னால் சரி என்று நம்பினார்கள்.

படம் எடுக்கும் நாள் வந்தது. எங்கள் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். அதைப் போலவே வெளிச்சம் வந்த பிறகு ஒரு பெரட்டு நடத்தினார்கள். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி பெயர் வாசிக்க வேண்டும். ஆள் "இருக்கேன்" என்று சொல்லி, சிரித்த முகத்தோடு லாரியில் ஏற வேண்டும். இரண்டு லாரிகள். எல்லாரும் ஏறியதும் லாரி மெதுவாகப் புறப்பட்டு, மதகைத் தாண்டி, புகைக்கூடத்து வளைவு வரை போய்த் திரும்பி வந்துவிடும். பின்னால் வரும் லாரிக்குப் பக்கத்திலேயே மதகு வரைக்கும் என் வண்டி கூடப் போக வேண்டும். மூங்கில் கழியின் நுனியில் கட்டிய மைக்கை ஒருவர் லாரிப் பக்கமாக நீட்டிக்கொண்டு வருவார். வண்டியைத் தள்ளுவது நான். சக்கரம் எங்காவது முனகினால் எந்தச் சக்கரம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, காதுக்காரர் தன்னிடமிருந்த இன்னொரு காதுக்கருவியை என் தலையில் மாட்டிவிட்டார்.

அதை மாட்டியதும் ஆடிப்போனேன். முப்பது அடி தள்ளி நிற்பவர் எச்சில் விழுங்குவது கேட்டது.

முதல் தடவை பின் சக்கரம் ஒன்று முனகியது. காதுக்காரர் ஒற்றை விரலைத் தூக்கினார். "செகாலி லாகி." லாரி வளைவு வரை போய்த் திரும்பி வந்தது. ஆட்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நான் தேங்காயெண்ணெயில் மெழுகைக் காய்ச்சி அச்சில் விட்டேன்.

இரண்டாம் தடவை என் வண்டி வாயே திறக்கவில்லை. லாரியின் பின்பலகை கடகடத்துப் பேச்சை அமுக்கிவிட்டது. விரல் மறுபடி உயர்ந்தது. லாரி மறுபடி திரும்பி வந்தது. ஆட்கள் இறங்கி நிழலுக்குப் போனார்கள். யாரும் காலைக் கஞ்சி குடித்திருக்கவில்லை. லாரிகளைப் புகைக்கூடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சத்தத்தை நிறுத்து என்று என்னைக் கூப்பிட்டார்கள். என்னைக் கொஞ்ச நேரம் முன்பக்கத்திலேயே காக்க வைத்துவிட்டுத்தான் லாரிப் பக்கம் விட்டார்கள்.

ஆப்பு சீவிக்கொண்டு போனேன். பின்பலகையின் கொக்கி இரண்டிலும் வெளிப்பக்கமிருந்து ஆப்பு வைத்து அடித்தேன். சுத்தியல் இல்லாமல் அதை எடுக்க முடியாது. பலகையைத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு கிணுகிணுப்பு இருந்தது. ஏறிப் பார்த்தேன். முன் மூலையில் தார்ப்பாய் போட்டு எதையோ மூடியிருந்தார்கள். முந்தைய இரண்டு தடவையும் அது அங்கே இல்லை. தூக்கினேன். நாலைந்து அரிசி மூட்டை, ஒரு பெரிய அண்டா. அண்டாவின் விளிம்பு பலகையில் உரசித்தான் அந்தச் சத்தம்.

வளைவு வரை போய்த் திரும்புகிற லாரிக்கு அரிசியும் அண்டாவும் எதற்கு? இந்தக் கேள்வி எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் இந்தக் கட்டுரையும் இன்னொரு பொய்யாகிவிடும். பட்டாளத்து லாரி, ஏதாவது கிடக்கும் என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்தது. நான் வண்டியோடு சேர்ந்தவன், என் பெயர் அந்தப் பெரட்டில் இல்லை என்கிற நினைப்பும் இருந்தது. எல்லாவற்றையும்விட, மூன்றாம் தடவையாவது காதுக்காரர் "பாகுஸ்" சொல்ல வேண்டும் என்கிற ஆசை இருந்தது. ஒரு சாக்கை மடித்து அண்டாவுக்கும் பலகைக்கும் நடுவே திணித்தேன். கிணுகிணுப்பு நின்றது. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு இறங்கி, ஆட்கள் ஏறுவதற்காக ஆப்பைத் தட்டிக் கழற்றி வைத்தேன்.

மூன்றாம் தடவை கிராணி பெயர் வாசித்தார். ஒவ்வொருவராக ஏறினார்கள். "வேலாயுதம்" என்றார். பதில் இல்லை. மாமா என் வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கூத்து போதும்டா மாப்ள. பசி காத அடைக்குது. ஒரு ஆளு கொறஞ்சா யாருக்குத் தெரியப் போவுது," என்றார்.

காதுக்காரருக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு குரல் குறைகிறது என்று விரலைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எப்போதும் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

அப்போது நான் மாமாவிடம் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கலாம். ஓடுங்கள் என்று காதோடு சொல்லியிருக்கலாம். ரப்பர்க் காடு இருபது அடியில் இருந்தது. நான் சொன்னது இதுதான்.

"ஒரே தடவ மாமா. ஏறிட்டு எறங்கிருங்க. ஒங்களால எல்லாருக்கும் லேட்டாவுது."

"ஒனக்காகத்தான்டா," என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார். "இருக்கேன்" என்று வேண்டுமென்றே நீட்டிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பின்பலகையை ஏற்றிக் கொக்கியை மாட்டினார்கள். நானே போய் ஆப்பை அடித்தேன்.

லாரி கிளம்பியது. நானும் தள்ளினேன். காதில் மனிதக் குரல்கள் மட்டுமே வந்தன. சக்கரம் இல்லை, பலகை இல்லை, அண்டா இல்லை. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. மனம் நிறைந்து, வாய்க்குள் சிரித்துக்கொண்டே தள்ளினேன்.

மதகு வந்தது. வண்டியை நிறுத்தினேன். லாரி மதகைத் தாண்டியதும் வேகம் பிடித்தது. மூங்கில் கழி இன்னும் அந்தப் பக்கம் நீண்டிருந்தது. மாமாவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி என் காதில் விழுந்தது.

"கோவிந்து, இங்க அரிசி மூட்ட கெடக்குடா." கொஞ்சம் இடைவெளி விட்டு, "இது நிக்காது போலருக்கு. அக்காகிட்ட சொல்லு, எனக்குக் கஞ்சி எடுத்து வைக்க வேணாம். அவள குடிச்சிரச் சொல்லு."

அதற்குப் பிறகு பலகையை உதைக்கிற சத்தம். லாரி வளைவில் திரும்பவில்லை. இரண்டும் நேராகப் பெரிய சாலைக்குப் போய்விட்டன.

காதுக்காரர் கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "பாகுஸ்" என்றார். அவருக்கு முன்பே தெரியுமா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அவர் முகத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்து, தெரிந்திருக்கும் என்று ஒரு நாளும், தெரிந்திருக்காது என்று ஒரு நாளும் தோன்றும். இப்போது விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்திருந்தது. நான் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் நின்றிருந்தாள். அதற்குள் சேதி லயம் முழுக்கப் பரவி, வீட்டுக்கு வீடு அழுகை. அவள் அழவில்லை. கஞ்சிச் சட்டியை மூடி, மேலே கல் வைத்திருந்தாள்.

"திரும்பி வந்துருவாருடா. ரெண்டு தடவ வந்தாரே," என்றாள்.

குடித்துவிடு என்று சொல்ல வாய் திறந்தேன். எப்படிக் கேட்டது என்று கேட்பாள். அங்கே நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் கஞ்சி புளித்து, அவள் அதைக் கொல்லையில் கொட்டினாள். அன்றைக்கு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு மூன்றே பேர் திரும்பினார்கள். அதில் முனியாண்டி அண்ணன் மாமாவோடு ஒரே முகாமில் இருந்தவர். பேதியில் போய்விட்டார், நாள் நினைவில்லை என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "லாரி போறப்ப கோவிந்துகிட்ட என்னமோ சத்தமாச் சொன்னாரு. அவனக் கேளு."

அக்கா கேட்டாள். "என்ன சொன்னாருடா?"

"லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்கல அக்கா," என்றேன்.

அதன் பிறகு நான் சிங்கப்பூர் போனேன். ஸ்டூடியோவில் தச்சனாகச் சேர்ந்தேன். ஒலிப்பதிவாளருடைய வண்டி கத்துகிறது என்று ஒரு நாள் யாரோ எரிந்து விழுந்தார்கள். நான் செய்து தருகிறேன் என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. மரமுளை, எருமைத் தோல், தொங்கும் பெட்டி என்று அதே வண்டிதான். அதிலிருந்து எனக்குப் பெயர் வந்தது, சம்பளம் வந்தது, கடைசியில் சுங்கைப் பட்டாணியில் சொந்தப் பட்டறையும் வந்தது. எத்தனையோ வண்டிகள் செய்தேன். ஒவ்வொன்றையும் முதல் தடவை தள்ளிப் பார்க்கும்போது மதகு ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிடுவேன். அதைப் பார்த்துவிட்டு, மனுஷன் வேலையில் எவ்வளவு கவனம் என்று பட்டறையில் மெச்சினார்கள்.

அக்கா கடைசிவரை என் வீட்டில்தான் இருந்தாள். மாமா இறந்த நாள் தெரியாததால், லாரி போன நாளையே திதியாக வைத்துக்கொண்டோம். வருஷா வருஷம் அன்றைக்குக் கஞ்சி காய்ச்சி, உப்புப் போட்டு, ஒரு சட்டியில் மாமாவுக்குப் படைப்பாள். அந்த மனுஷன் பசியோடு போனார் என்று அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். நாங்கள் எல்லாரும் படைத்ததைச் சாப்பிடுவோம்.

ஒரு சமயம் ஸ்டூடியோவில் பழகிய ஒலிப்பதிவாளர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். "அண்ணன் வண்டிய வச்சிக்கிட்டா மூச்சு விடறதுகூடக் கேக்கும்மா," என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னார்.

"லாரி பக்கத்துல போனாக்கூடவா?" என்று அக்கா அவரைக் கேட்டாள்.

"அதெல்லாம் கேக்கும்."

அக்கா தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு மாமா என்ன சொன்னார் என்று அவள் என்னை ஒரு தடவையும் கேட்கவில்லை.

போன வருஷம் அதே நாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி முற்றி, பட்டினி கிடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மத்தியானம் கண் இருட்டிச் சுவரோடு சாய்ந்துவிட்டாள். படையல் கஞ்சியில் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, இத குடிச்சிரு. ஒனக்கு ஒடம்பு தாங்காது."

"அவரு சொல்லட்டும், குடிக்கிறேன்," என்றாள்.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் பார்த்தாள். இப்போது யோசித்தால் அவள் எனக்கு வழி விட்டுத் தந்தாள் என்றுதான் படுகிறது. அவர் சொன்னார் அக்கா, உன்னைக் குடிக்கச் சொன்னார், நான் கேட்டேன் என்று நாலு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"ஆறிப்போவுது," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மாதமே போய்விட்டாள். அன்றைக்கு அந்த டம்ளர் கஞ்சியை நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினேன்.